தலைநகரில் நம்முடன் வாழும் உயிர்கள்



தில்லி மாநகரில் குடியேறி வாழும் தமிழர் ஒருவரை அணுகி, உங்கள் அண்டை அயலார் யாவர் என்று வினவினால், பஞ்சாபியர், வங்காளியர், பிகாரியர், மலையாளிகள் என்று அவர் வரிசையாகச் சொல்லத் தொடங்குவார். அவ்வரிசை மனிதரோடு முடிந்துவிடும். ஆனால் கரோல்பாக்கிலோ, இராமகிருஷ்ணபுரத்திலோ, மயூர் விகாரிலோ வாழும் எவரும் விடியற்காலையில் கண் விழிக்கும்போது முதலில் கேட்பது மனிதக் குரலன்று. அரசமரத்திலிருந்து கூட்டமாகக் கிளம்பும் பச்சைக் கிளிகளின் கூச்சல், மாடிக் கைப்பிடிச் சுவரில் உறுமும் புறாக்களின் ஒலி, தெருமுனை நாயின் குரைப்பு, தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கக் கற்றுக்கொண்ட குரங்கின் ஆரவாரம் ஆகியவையே முதலில் நம் செவியில் விழுகின்றன. இவையும் நம் அயலாரே. இவற்றுடன் நாம் எவ்வாறு வாழ்கிறோம், எவ்வாறு வாழ்தல் தகும் என்பது பற்றிச் சில கருத்துக்களை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

உயிர்களிடத்து அன்பு வேண்டும் என்பதைத் தமிழர்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் பள்ளிப் பருவத்திலேயே நாம் அறிந்திருக்கிறோம். பேகனின் செயலைச் சிறிது நேரம் எண்ணிப் பாருங்கள். குளிரால் நடுங்குகிறது என்று கருதி அவன் மயிலுக்குத் தன் போர்வையை அளித்தான். இறகுடைய பறவைக்குப் போர்வை எதற்கு என்று அவன் ஆராயவில்லை. இவ்வாறு ஆராயாது வழங்கும் பெருந்தன்மைக்கு நம் முன்னோர் 'கொடைமடம்' என்று பெயரிட்டனர். அவனுடைய உள்ளத்தைப் போற்றிய அவர்கள், அதில் 'மடம்' ஒன்று இருப்பதையும் மறைக்கவில்லை. இன்று நான் சொல்ல வந்ததும் அதுவே. அன்பு வேண்டும், அவ்வன்புக்கு வழிகாட்ட அறிவும் வேண்டும். மலைநாட்டில் ஒரு மயிலுக்கு ஒரு போர்வை கொடுத்ததால் யாருக்கும் கேடில்லை. கோடிக்கணக்கான மக்கள் நெருங்கி வாழும் தலைநகரில், ஆராயாது செய்யும் அன்பு உயிர்களுக்கும் கேடு, மனிதர்க்கும் கேடு.

இந்த அறிவுக்கு முதற்படி, நம்மைச் சுற்றியுள்ள உயிர்களை வகைப்படுத்திக்கொள்வது. நம் வீட்டில் நம் கையை எதிர்பார்த்து வாழ்பவை ஒரு வகை. தெருவில் நம்மைச் சார்ந்தும் சாராமலும் வாழ்பவை மற்றொரு வகை. வானிலும் வனத்திலும் தம் போக்கில் வாழ்பவை மூன்றாவது வகை. முதல் வகைக்கு நம் கை எப்போதும் வேண்டும். இரண்டாம் வகைக்கு ஊராரின் கூட்டுப் பொறுப்பு வேண்டும். மூன்றாம் வகைக்கோ, பெரும்பாலும் நாம் கையை விலக்கிக்கொள்வதே உதவி. இவ்வேறுபாட்டை மறப்பதனாலேயே பல துன்பங்கள் விளைகின்றன.

முதலில் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். இத்துறையில் நம் நாட்டின் அடிப்படைச் சட்டம் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அது பிறப்பதற்குக் காரணமாக இருந்தவர் மதுரையில் பிறந்த தமிழ்ப் பெண்மணி என்பது தில்லித் தமிழர் நெஞ்சில் நிறுத்தத் தக்க செய்தியாகும். சென்னையில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராக வந்தார். நாட்டியத்தால் புகழ்பெற்ற அவர் அந்த அவையில் வாயில்லாப் பிராணிகளுக்காகத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதன் நோக்கத்தைப் பாராட்டி, அரசே இத்தகைய மசோதாவைக் கொண்டுவரும் என்று உறுதி கூறவே, அவர் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அதன்பின் 1960இல் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1962இல் அமைக்கப்பட்ட பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அவ்வாரியம் நெடுங்காலம் சென்னையிலேயே இயங்கி, 2018இல் அரியானாவிலுள்ள பல்லப்கட்டுக்கு மாறியது.

மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் நான். சட்டங்களின் சொற்களை எடை போட்டுப் பார்ப்பது என் அன்றாடப் பழக்கம். இந்தச் சட்டத்தில் என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்த சொல் ஒன்று உண்டு. பிராணிகளுக்குத் துன்பமே கூடாது என்று சட்டம் கூறவில்லை. 'தேவையற்ற' நோவும் துன்பமும் கூடாது என்றே கூறுகிறது. தடுப்பூசி குத்தும்போது நாய்க்கு வலிக்கத்தான் செய்யும். அது தேவையான வலி. மே மாத வெயிலில் பால்கனியில் கட்டிப் போட்டுவிட்டு அலுவலகம் செல்வதால் அந்நாய் அடையும் வேதனை தேவையற்றது. எது தேவை, எது தேவையற்றது என்று முதலில் தீர்மானிப்பவர் நீதிபதி அல்லர். அந்தப் பிராணியைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் நீங்களும் நானுமே. அதன் நலனுக்கு ஆவன செய்வது பொறுப்பாளரின் கடமை என்று அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு விதிக்கிறது.

வீட்டுப் பிராணிகளில் முதலிடம் நாய்க்கே. அண்மைக் காலத்தில் நம் குடும்பங்களிற் பல, பனி நாடுகளில் வண்டி இழுக்கவும் பனிச்சரிவில் சிக்கியோரை மீட்கவும் பயன்பட்ட அடர்ந்த மயிருடைய நாய்களை விலை கொடுத்து வாங்கி வருகின்றன. தில்லியில் கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. நாய்க்கு நம்மைப் போல் உடலெல்லாம் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்தே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அனல் காற்றே வீசும்போது மூச்சிரைப்பால் என்ன பயன்? முகம் தட்டையான சாதி நாய்களுக்கு அந்த மூச்சும் எளிதாக வருவதில்லை. தமிழ்நாட்டின் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாய்கள் வெயிலைத் தாங்குபவைதாம். எனினும் அவை காவலுக்கும் வேட்டைக்கும் ஓடிப் பழகிய இனங்கள். இரண்டு அறைக் குடியிருப்பில் நாள் முழுதும் அடைத்து வைத்தால் அவை உடல் நலமும் மன நலமும் கெடும். நாய் வளர்க்க விரும்புவோர் முதலில் தம் வீட்டின் அளவையும், நாள்தோறும் தமக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்தையும் கணக்கிடுதல் நலம். நாயின் அழகைப் பார்ப்பது அதற்குப் பிறகு. தெருவில் பிறந்த குட்டியொன்றை எடுத்து வளர்ப்பதும் சிறந்த வழியே. இந்நகரின் வெயிலும் குளிரும் அதன் தாய்க்கும் பாட்டிக்கும் பழகியவை.

உணவிலும் எச்சரிக்கை வேண்டும். நமக்கு இனிப்பாயிருப்பது அவற்றிற்கு நஞ்சாகலாம். சாக்லெட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்குத் தீங்கு செய்யும். நம் சாம்பார் சோற்றில் வெங்காயம் இருக்கிறது; பண்டிகைப் பாயசத்தில் உலர்திராட்சை இருக்கிறது. மீந்ததை நாய்க்கு வைப்பது நம் பழைய வழக்கமாயினும், வைப்பதற்குமுன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பூனைக்குப் பால் உகந்தது என்பதும் பொதுவான நம்பிக்கை. ஆனால் வளர்ந்த பூனைகளிற் பலவற்றிற்குப் பால் செரிப்பதில்லை. தூய தண்ணீரே போதுமானது.

அரசுப் பணியிலுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கே சிறப்பாக உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். மாற்றல் உத்தரவு வருகிறது. சாமான்களைக் கட்டுகிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுகிறோம். நாயை மட்டும் காவற்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் புறப்படுகிறோம். காவற்காரரும் சில மாதங்களில் வேறிடம் போகிறார். நம் தட்டில் உண்டு, நம் கட்டிலடியில் உறங்கிய அவ்வுயிர், தெருநாய்களின் எல்லைச் சண்டைக்குள் தள்ளப்படுகிறது. குப்பையில் உணவு தேடக்கூட அதற்குத் தெரியாது. பசியாலும் தாகத்தாலும் வருந்த நேரும் என்னும் நிலையில், தக்க காரணமின்றிப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சென்னை வரையில் சுமார் 2,180 கிலோமீட்டர் தூரம் நாயை எவ்வாறு கொண்டு செல்வது என்று கேட்கலாம். இரயிலில் முதல் வகுப்புத் தனியறையை முழுவதும் பதிவு செய்து உடன் அழைத்துச் செல்ல வழியுண்டு. கார்டு பெட்டியிலுள்ள நாய்க் கூண்டில் அனுப்பவும் வழியுண்டு. ஆனால் கோடையில் அக்கூண்டு கொதிகலன் போலாகும். ஆதலின் பயணத்தைக் குளிர்ந்த மாதங்களில் வைத்துக்கொள்வது நலம். இவற்றுள் எதுவும் இயலாதெனில், நம்பத்தகுந்த ஒரு குடும்பத்தைத் தேடி ஒப்படைத்துவிட்டுப் பிறகு மூட்டை கட்டுவதே முறை.

இனி கிளியைப் பார்ப்போம். கிளி வளர்ப்பதைத் தமிழர் ஒரு குற்றமாகக் கருதியதில்லை. மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் நாம் காண்பது கிளியையே. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது நம் பச்சைக் கிளி. அதனைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டிலிட்டு வளர்ப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். கடைத்தெருவில் சிலர் இரகசியமாக விற்கும் கிளிகள் மரப்பொந்திலிருந்து குஞ்சுப் பருவத்திலேயே பறிக்கப்பட்டவை. சாக்கிலும் பெட்டியிலும் திணித்துக் கொண்டுவரும் வழியிலேயே பல குஞ்சுகள் மடிகின்றன. நம் வீட்டுக் கூண்டில் ஒரு கிளி பேசுகிறது என்றால், அதற்காக மடிந்த கிளிகள் சில உண்டு என்றே கொள்ள வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் நாள்தோறும் வைக்கப்படுவது இலைகளால் புதிதாகச் செய்யப்படும் கிளி. அதன் அலகு மாதுளம்பூ. கிளியைக் கூண்டில் அடைக்காமலே கிளியோடு மகிழ அந்த ஊரார் வழி கண்டிருக்கின்றனர். தில்லியிலோ உயிருள்ள கிளிகளே நம் மரங்களுக்கு நாள்தோறும் வருகின்றன. அவற்றைக் காணச் சன்னலைத் திறந்தால் போதும்.

அடுத்தது தெருநாய். இது மிக நுட்பமான செய்தி. வீட்டுக்கு வீடு கருத்து வேற்றுமை உண்டு. குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் நண்பர்கள் பகைவராவதும் இதனாலேதான். ஒரு புறம் குழந்தைகள் கடிபடுகின்றனர். மறு புறம் நாய்களை அடித்தும் நஞ்சிட்டும் கொல்கின்றனர். பிராணியைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் பாரதிய நியாய சம்ஹிதையின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரையில் சிறைத் தண்டனைக்குரியவை. இது ஒருபுறமிருக்க, கடிபட்ட குழந்தையின் தாயிடம் சென்று சட்டப் பிரிவைச் சொன்னால் அவள் மனம் ஆறாது. அவளுடைய அச்சம் நியாயமானது.

ஏனெனில் வெறிநோய் வந்தபின் அதிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மனிதர்க்கு இந்நோய் வருவது பெரும்பாலும் நாய்க்கடியால். ஆனால் கடித்த பின்னும் இதனைத் தடுக்க முடியும் என்பதே மருத்துவம் நமக்களித்த பெரும்பேறு. கடித்தவுடன் காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் அப்புதல் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். காயம் ஆழமாயின் அதனுள்ளேயே செலுத்தும் எதிர்ப்பு மருந்தும் தேவை. குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடித்தல் இன்றியமையாதது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய அச்சம் இன்று வேண்டியதில்லை. இப்போதைய ஊசிகள் சில. அவற்றைப் புயத்திலேயே போடுகின்றனர். நீலகிரிக் குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் இந்நோய்க்கான தடுப்பூசிப் பணியில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்துவந்திருக்கிறது.

நாய்களையெல்லாம் பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவிட்டால் தொல்லை தீராதா என்று பலர் கேட்கின்றனர். நாய்கள் எல்லை வகுத்து வாழ்பவை. ஒரு தெருவின் நாய்களை அகற்றினால், அங்கே குப்பையும் உணவும் இருக்கும் வரை வேறு நாய்கள் வந்து சேரும். வந்தவை ஊசி போடப்படாதவையாக இருக்கும். ஆதலின் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது என்னும் முறையை 2001ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தன. 2023ஆம் ஆண்டின் புதிய விதிகளும் அதனையே தொடர்ந்தன. ஓர் ஊரின் நாய்களில் 70 விழுக்காட்டிற்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுவந்தால் நோய்ச் சங்கிலி அறுபடும் என்பது அறிஞர் கணிப்பு. 2025 ஆகஸ்டு 11ஆம் நாள், தலைநகர் வட்டாரத் தெருநாய்கள் யாவற்றையும் காப்பகங்களுக்குக் கொண்டுசெல்லுமாறு உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆணையிட்டனர். ஆகஸ்டு 22ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அதனைத் திருத்தினர். வெறிநோய் கண்டவையும், மூர்க்கமானவையும் நீங்கலாக, மற்றவற்றைச் சிகிச்சைக்குப் பின் அவற்றின் இடத்திலேயே விட வேண்டும் என்றும், உணவிடுவோர் அதற்கெனக் குறித்த இடங்களிலேயே இட வேண்டும் என்றும் அவர்கள் கூறினர். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை மீண்டும் அங்கே விடலாகாது என்றும் அந்நீதிமன்றம் ஆணையிட்டது.

இவ்வாணைகளில் எது சரி என்று தீர்ப்பளிப்பது என் வேலையன்று. ஆனால் நம் தெருவில் நாம் செய்யக்கூடியது தெளிவாக இருக்கிறது. நாயை நேசிப்பவர், உணவிட்டதோடு தம் கடமை முடிந்ததெனக் கருதலாகாது. அந்நாய்க்குக் கருத்தடையும் ஊசியும் ஆயிற்றா என்று பார்த்து, ஆகாவிடில் மாநகராட்சிக்கோ தொண்டு நிறுவனத்திற்கோ சொல்லி முடிக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்திலும் மாடிப்படியின் வாயிலிலும் உணவிடலாகாது. நாயை அஞ்சுபவர், கல்லெறிவதை விட்டு, குப்பைத் தொட்டியை மூடி வைக்க முயல வேண்டும். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டியோடு இருக்கும் நாயையும் நெருங்கலாகாது என்றும், நாய் துரத்தினால் ஓடாமல் மரம்போல் அசையாது நிற்க வேண்டும் என்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இவ்விரு சாராரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசிய குடியிருப்புகளில் பூசல் குறைந்திருக்கிறது.

மூன்றாம் வகைக்கு வருவோம். கொடைமடத்தின் விளைவைக் காண விரும்புவோர் தில்லியின் குரங்குகளைப் பார்த்தால் போதும். செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் அனுமனை எண்ணி வாழைப்பழமும் கொண்டைக்கடலையும் கொண்டுபோய்க் குரங்குகளுக்கு இடுவோர் பலர். அவர்களின் பக்தியை நான் குறை கூறேன். ஆனால் மனிதன் கையிலிருந்து உணவு வரும் என்று கற்ற குரங்கு, கையில் உணவில்லாத மனிதனிடமும் அதனை எதிர்பார்க்கிறது, வராவிடில் பறிக்கிறது, பறிக்க முடியாவிடில் கடிக்கிறது. 2007 அக்டோபரில், தில்லியின் துணை மேயராயிருந்த சுரீந்தர் சிங் பாஜ்வா, தம் வீட்டு மாடியில் குரங்குகளை விரட்ட முயன்றபோது கீழே விழுந்து உயிரிழந்தார். அதே ஆண்டில் தில்லி உயர் நீதிமன்றம், குரங்குகளைப் பிடித்து நகரின் தென்கோடியிலுள்ள அசோலா பட்டி சரணாலயத்தில் விடுமாறு ஆணையிட்டிருந்தது. அங்கே உணவு வைக்கப்பட்டபோதிலும், சுற்றுப்புறக் குடியிருப்புகளுக்குக் குரங்குகள் வருவது நின்றபாடில்லை.

குரங்குகளை விரட்ட அதைவிடப் பெரிய கருங்குரங்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டு அரசு அலுவலக வளாகங்களில் சிலர் சுற்றியதை நெடுநாளாகத் தில்லியில் வாழ்வோர் மறந்திருக்கமாட்டார். கருங்குரங்கும் சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்காதலின், 2012இல் அம்முறையைக் கைவிட நேர்ந்தது. பிறகு, கருங்குரங்கைப் போலக் குரல் எழுப்பும் மனிதர்களையே பணிக்கு அமர்த்தினர். 2023இல் ஜி-20 மாநாடு நடந்தபோது கருங்குரங்கின் உருவப் பலகைகளையும் நாட்டி வைத்தனர். பழக்கிக் கெடுத்தபின் விரட்டுவதற்கு எத்தனை பாடு பாருங்கள்! குரங்குக்கு உணவிடாமையே குரங்குக்கு நாம் செய்யும் உதவி. பால்கனிக்குக் கம்பிவலை இடுக; தண்ணீர்த் தொட்டியை இறுக மூடுக; எதிரே வந்தால் கண்ணோடு கண் நோக்கிப் பல்லைக் காட்டாது விலகிச் செல்க.

அன்பு அறிவின்றிச் செயற்பட்டால் என்ன நேரும் என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகின் கதையும் ஒரு சான்று. 1990களில் நம் நாட்டுக் கழுகுகள் காரணம் தெரியாமல் மடியத் தொடங்கின. அவற்றுள் மூன்று இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தன. 2004இல்தான் காரணம் தெளிவாயிற்று. நோயுற்ற மாட்டின் வலியைத் தணிக்க மனிதர் இட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்தே அது. அம்மாடு இறந்தபின் அதன் ஊனைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. மாட்டின்பால் கொண்ட இரக்கம், அறியாமலே கழுகுக்குக் கூற்றாயிற்று. கால்நடைகளுக்கு அம்மருந்தை இடுவது 2006இல் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பக்கமே கழுகுகள் எஞ்சியிருக்கின்றன.

கழுகு மறைந்த தில்லி வானில் பருந்துகள் மிகுதி. குப்பையிலும் இறைச்சிக் கடைகளிலும் கிடைப்பதை உண்டு அவை நகரைத் துப்புரவு செய்கின்றன. ஆகஸ்டு 15ஐ ஒட்டி இந்நகரத்தார் பட்டம் விடுவர். அப்போது மாஞ்சா நூல் பருந்துகளின் சிறகை அறுக்கிறது. மாஞ்சா என்னும் சொல் சென்னையிலிருந்து வந்தோர்க்குப் புதிதன்று. அங்கும் அந்நூலால் குழந்தைகள் கழுத்தறுபட்டு மாண்டதுண்டு. கண்ணாடித்தூள் பூசிய நைலான் மாஞ்சாவைத் தில்லி அரசு 2017 ஜனவரியில் தடை செய்தது. அதே ஆண்டு ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதனை நாடெங்கும் தடை செய்தது. ஆயினும் நூல் இன்னும் கிடைக்கிறது. நம் பிள்ளைகள் கேட்டால், பருத்தி நூலையே வாங்கித் தருவோம். பட்டம் சற்றுத் தாழ்வாகப் பறக்கலாம், அதனால் குறைவொன்றுமில்லை.

அடிபட்ட பறவைகளுக்காக இந்நகரில் ஒரு மருத்துவமனை இருப்பதைப் புதிதாக வந்தோர் அறியாதிருக்கலாம். செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக்கின் முகப்பில், திகம்பர ஜைனரின் சிவப்புக் கோயில் வளாகத்தில் அது இருக்கிறது. 1929இல் தொடங்கியது, கட்டணம் இல்லை. ஜைன நெறிப்படி அங்கே ஊனுணவு கிடையாது. ஊனின்றிப் பருந்தை எவ்வாறு வளர்ப்பது? இந்தக் கேள்விக்கு விடையாக வந்தவர்கள், பழைய தில்லியில் வளர்ந்த இரு சகோதரர்கள், நதீம் ஷஹ்ஸாத், முகம்மது சவூத் ஆகியோர். காயமுற்ற பருந்தொன்று ஊனுண்ணும் பறவையாதலால் சிகிச்சைக்கு ஏற்கப்படாததைக் கண்ட அவர்கள், தாமே அதற்கு வைத்தியம் செய்யக் கற்றனர். வசீராபாதில் அவர்கள் நடத்தும் எளிய நிலையத்தில் ஆயிரக்கணக்கான பருந்துகள் சிறகு தைக்கப்பட்டு மீண்டும் பறந்திருக்கின்றன. அவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த விவரணப் படம் 2022இல் உலகப் புகழ் பெற்றது. புறாவைக் காக்கும் ஜைனரும், பருந்தைக் காக்கும் இஸ்லாமியச் சகோதரரும் ஒரே நகரில் தத்தம் நெறி பிறழாது ஒரே அறத்தைச் செய்கின்றனர். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்புகிறார்.

கோடையில் நீர் வற்றி மயங்கி விழும் பறவை உங்கள் மாடியில் கிடந்தால், அதன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழலிற் புகுந்து பறவையைக் கொன்றுவிடும். பாலில் நனைத்த ரொட்டியும் வேண்டா. காற்றுப் புகத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், மெல்லிய துணி விரித்து, இருளான அமைதியான இடத்தில் வைத்து, மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்லுங்கள். இறகு முளைத்த குஞ்சொன்று தரையில் தத்திக்கொண்டிருந்தால், அதைத் தூக்காதீர்கள். அது பறக்கப் பழகுகிறது. தாய் அருகிலேயே இருக்கும். நாயும் பூனையும் வராது பார்த்துக்கொண்டால் போதும். மாடியில் மண்சட்டியில் தண்ணீர் வைப்பது நல்ல வழக்கம். ஆனால் நாள்தோறும் கழுவி மாற்ற வேண்டும். இல்லையேல் டெங்குக் கொசுவையே வளர்த்தவர்களாவோம். புறாக்களுக்கு மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவதும் வேண்டியதில்லை. அவற்றின் உலர்ந்த எச்சம் தூளாகி மூச்சில் கலந்தால் சிலர்க்கு நுரையீரல் நோய் வரும். தில்லி அரசு 2012இல் மாநிலப் பறவையாக அறிவித்த சிட்டுக்குருவிக்கு ஒரு சிறு மரக்கூடு தொங்கவிடுவது இதனினும் நன்று.

கையை விலக்கிக்கொள்வதே உதவி என்பது தமிழர்க்குப் புதிய பாடமன்று. செங்கற்பட்டைச் சார்ந்த வேடந்தாங்கல் மக்கள், தம் ஏரிப் பறவைகளைச் சுடுவதற்கு எதிராக முறையிட்டு, 1798இலேயே கலெக்டர் லயனல் பிளேசிடம் பாதுகாப்பு ஆணை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். அறிவும் அன்பும் அங்கே ஒன்றாய் நின்றன. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி ஊரார், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அவர்கள் பறவைகளுக்குத் தானியம் இறைக்கவில்லை. கூடு கட்டித் தரவில்லை. ஒன்றைச் செய்யாதிருந்தனர், அதனாலேயே பறவைகள் ஆண்டுதோறும் வருகின்றன.

உயிர்களிடம் பரிவு காட்டுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று நம் அரசியல் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்திருக்கிறது. அக்கடமையைச் செய்யப் பெருஞ்செல்வமோ பெரிய தியாகமோ வேண்டியதில்லை. வீட்டு நாயின் ஊசி நாளைக் காலண்டரில் குறித்து வைப்போம். குழந்தைகளுக்கு நாயின் இயல்பைச் சொல்லிக் கொடுப்போம். குரங்குக்கு நீட்டும் பழத்தை ஏழைக் குழந்தைக்கு நீட்டுவோம். அடுத்த மாற்றல் உத்தரவு வரும்போது, வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பயணச் சீட்டு எடுக்கையில், நாலு காலுடையதையும் அந்த எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வோம்.